கேன்சர் ட்ரீட்மென்ட்டோட பழைய மாத்திரைங்களையும் சேர்த்துக்கலாமா? வாசகர் கேள்விகள், மருந்தாளுநர் பதில்கள்

இந்த முறை வந்த கடிதங்கள்ல நிறைய பேர் ஒரே விஷயத்தைத்தான் கேட்டிருக்கீங்க. பரவின மார்பகப் புற்றுநோய்க்கு டாக்டர் குடுக்குற மருந்தோட, சுகருக்கும் கொழுப்புக்கும் வயித்துப் பூச்சிக்கும் இருக்குற பழைய மாத்திரைங்களையும் சேர்த்து எடுத்துக்கலாமான்னு. அதனால மத்த கேள்விங்களை அடுத்த இதழுக்குத் தள்ளிட்டு இதை மட்டும் பேசிடலாம்னு நினைச்சேன். புதுசா படிக்கிறவங்களுக்கு: நான் டாக்டர் இல்ல, புற்றுநோய்ப் பிரிவுல வேலை பார்க்குற மருந்தாளுநர். நோயாளிங்க எடுத்துக்குற எல்லா மருந்தும் ஒண்ணோட ஒண்ணு ஒத்துப்போகுதான்னு பார்க்குறதுதான் என் வேலை.

கேள்வி: எனக்கு 51 வயசு மேடம். மார்பகப் புற்றுநோய் எலும்புக்கும் கல்லீரலுக்கும் பரவியிருக்கு, ஹார்மோன் பாசிட்டிவ் (ஹார்மோனால வளர்ற வகை), ஹெர்2 நெகட்டிவ் (ஹெர்2ங்கிற புரதம் அதிகமா இல்லாத வகை). ரிபோசிக்லிப்ங்கிற கேன்சர் மாத்திரையும் லெட்ரோசோல்ங்கிற ஹார்மோன் மாத்திரையும் எடுத்துட்டிருக்கேன், எலும்புக்கு ஊசியும் கால்சியம் மாத்திரையும் உண்டு. போன ஸ்கேன்ல நல்லா குறைஞ்சிருக்குன்னு சொன்னாங்க. இதே நோய் இருக்குற தோழி ஒருத்தங்க ஒரு லிஸ்ட் குடுத்தாங்க, சுகர் மாத்திரை மெட்ஃபார்மின், கொழுப்பு மாத்திரை சிம்வாஸ்டாட்டின், ஆன்டிபயாட்டிக் டாக்ஸிசைக்ளின், பூச்சி மாத்திரை மெபெண்டசோல், இந்த நாலும் சேர்ந்தா கேன்சர் செல்லுக்குச் சாப்பாடே கிடைக்காம பட்டினி கிடந்து செத்துடுமாம். எல்லாமே ரொம்ப வருஷமா எல்லாரும் சாப்பிடுற மாத்திரைதானே? டாக்டர்கிட்ட கேட்டா வேணாம்னுதான் சொல்லுவார், அதான் சொல்லாமலே ஆரம்பிச்சிடலாமான்னு இருக்கேன்.

பதில்: சொல்லாம மட்டும் ஆரம்பிக்காதீங்கம்மா. இன்னும் ஏதாவது வழி இருக்கான்னு நீங்க தேடுறதுல எந்தத் தப்பும் இல்ல, உங்க இடத்துல யாரா இருந்தாலும் தேடுவாங்க. ஆனா "பழைய மாத்திரைதானே, என்ன பண்ணிடப் போகுது"ன்னு நினைக்கிறீங்க பாருங்க, அங்கதான் எனக்குப் பயம். அந்த மாத்திரை தனியா இருக்கும்போது சாதுதான், நீங்க ஏற்கனவே எடுத்துட்டிருக்குற மருந்தோட சேரும்போதுதான் பிரச்சனையே.

சிம்வாஸ்டாட்டினையே எடுத்துக்கோங்க. அதைக் கல்லீரல்ல உடைக்கிறது சிஒய்பி3ஏ4ங்கிற ஒரு என்சைம். நீங்க சாப்பிடுற ரிபோசிக்லிப் அதே என்சைமை அமுக்கி வைக்கிற மருந்து. ஒரே கவுன்ட்டர்தான் இருக்கு, அதையும் பாதி மூடிட்டா கூட்டம் எப்படி சேருமோ அப்படி சிம்வாஸ்டாட்டின் உடைபடாம ரத்தத்துல ஏறிக்கிட்டே போகும். முதல்ல தொடையும் தோளும் அடிச்சுப் போட்ட மாதிரி வலிக்கும், நீங்க லெட்ரோசோலால வர்ற வலின்னு நினைச்சுப்பீங்க, ஏன்னா அதுவும் மூட்டு வலி தரும். தசை நிஜமாவே கரைய ஆரம்பிச்சா சிறுநீர் டீ டிகாக்ஷன் கலர்ல வரும், கிட்னி அடிவாங்கும். இது பேப்பர்ல மட்டும் இருக்குற எச்சரிக்கை இல்ல, இந்த வகை கேன்சர் மாத்திரையோட ஸ்டாட்டின் வகை கொழுப்பு மாத்திரை சேர்ந்து இப்படி ஆனவங்களைப் பத்தி மருத்துவ இதழ்கள்லயே வந்திருக்கு. உங்களுக்கு நிஜமாவே கொலஸ்ட்ரால் இருந்து மருந்து தேவைன்னா, இந்த என்சைம் பக்கம் அவ்வளவா போகாத பிரவாஸ்டாட்டின், ரோசுவாஸ்டாட்டின் மாதிரி வேற வகை இருக்கு, அதை டாக்டர் பார்த்துக் குடுப்பார்.

மெபெண்டசோல் கதை வேற. பூச்சிக்கு மூணு நாள் சாப்பிடும்போது பெரும்பாலும் யாருக்கும் பெருசா ஒண்ணும் ஆகுறதில்ல. இந்த மாதிரி லிஸ்ட்டுங்கள்ல அதை அதிக அளவுல மாசக்கணக்கா போடச் சொல்லுவாங்க, அப்படிப் போட்டா கல்லீரல் என்சைம் ஏறலாம், வெள்ளை அணுக்கள் குறையலாம். இப்ப யோசிங்க, ரிபோசிக்லிப்பும் இதே ரெண்டையும்தான் செய்யும், அதனாலதான் உங்களுக்கு அடிக்கடி ரத்தம் எடுக்குறாங்க. ஒரு நாள் ரிப்போர்ட்ல எஸ்ஜிபிடிங்கிற கல்லீரல் என்சைம் எகிறி நிக்குது, டாக்டருக்கு மெபெண்டசோல் விஷயமே தெரியாது, அவர் என்ன பண்ணுவார்? ரிபோசிக்லிப்பை நிறுத்துவார் இல்ல டோஸைக் குறைப்பார், இல்லைன்னா கல்லீரல்ல நோய் கூடிடுச்சோன்னு ஸ்கேனுக்கு அனுப்புவார். நல்லா வேலை செஞ்சிட்டிருந்த மருந்து, வேலை செய்யுமான்னே தெரியாத ஒரு மாத்திரைக்காகக் கையை விட்டுப் போகும். எனக்கு மனசு ஆறாத விஷயம் இதுதான், பக்க விளைவைக்கூட சமாளிச்சுடலாம், ஆனா கையில இருக்குற நல்ல மருந்தை இழக்குறது பெரிய நஷ்டம்.

எவ்வளவு நல்ல மருந்துன்னு ஒரு கணக்கு சொல்றேன். மோனலீசா-2ன்னு ஒரு பெரிய ட்ரையல், மாதவிடாய் நின்ன பெண்கள், உங்களை மாதிரியே ஹார்மோன் பாசிட்டிவ், பரவின நோய். லெட்ரோசோல் மட்டும் எடுத்தவங்க வாழ்ந்த காலத்தோட இடைநிலை அளவு (பாதிப் பேர் இதைவிட அதிக காலம் வாழ்ந்தாங்கன்னு அர்த்தம்) 51.4 மாசம், ரிபோசிக்லிப்பும் சேர்த்து எடுத்தவங்களுக்கு 63.9 மாசம். ஒரு வருஷத்துக்கு மேல வித்தியாசம், அதுவும் ட்ரையல்ல நிரூபிச்சது. உங்க லிஸ்ட்ல இருக்குற நாலு மாத்திரையில ஒண்ணுக்குக்கூட பரவின மார்பகப் புற்றுநோய்ல இப்படி ஒரு எண் கிடையாது.

டாக்ஸிசைக்ளின் பத்தி நிறைய சொல்ல வேண்டியதில்ல, நீங்க சாப்பிடுற கால்சியத்தோட அது வயித்துக்குள்ளயே ஒட்டிக்கும், ரத்தத்துக்குச் சரியா போகாது, வயித்தெரிச்சல்தான் மிச்சமாகும்.

மெட்ஃபார்மின் மேல எனக்கே ஒரு காலத்துல ரொம்ப நம்பிக்கை இருந்துச்சு, எனக்கு மட்டுமில்ல, இந்தத் துறையில இருந்த நிறைய பேருக்கு. சுகருக்காக மெட்ஃபார்மின் சாப்பிடுற பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் கொஞ்சம் நல்லபடியா போகுதுன்னு பழைய பதிவுகளைப் பார்த்தவங்க சொன்னாங்க, லேப்லயும் செல் வளர்ச்சி குறைஞ்சுது. சரி, ஒழுங்கா சோதிச்சுப் பார்த்துடலாம்னு எம்ஏ.32ன்னு ஒரு ட்ரையல் நடத்தினாங்க, சுகர் இல்லாத, ஆரம்ப நிலை நோய் உள்ள 3,649 பேர், பாதிப் பேருக்கு 850 மி.கி. ஒரு நாளைக்கு ரெண்டு வேளைன்னு அஞ்சு வருஷம் மெட்ஃபார்மின், பாதிப் பேருக்கு வெறும் டம்மி மாத்திரை. 2022ல முடிவு வந்துச்சு, நோய் திரும்பி வர்றதுல ரெண்டு குரூப்புக்கும் வித்தியாசமே இல்ல. ஆஸ்பிரினும் இதே மாதிரிதான், பதிவுகள்ல பிரமாதமா தெரிஞ்சுது, 3,000 பேருக்கு மேல வெச்சு தினமும் 300 மி.கி. குடுத்துப் பார்த்த ட்ரையலைப் பலன் தெரியலன்னு பாதியிலேயே நிறுத்திட்டாங்க. இது ரெண்டும் ஆரம்ப நிலை நோய்ல நடந்ததுதான், ஆனா பரவின நோய்ல கீமோவோட மெட்ஃபார்மின் சேர்த்துப் பார்த்த சின்ன ட்ரையல்லயும் நோய் கட்டுக்குள்ள நின்ன காலம் கூடல.

பட்டினி போடுறதுங்கிற கதை கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா சோதனைத் தட்டுல செல்லைக் கொல்ல ஊத்துற மருந்தோட அளவு, பல சமயம் மனுஷ ரத்தத்துல பாதுகாப்பா வரக்கூடிய அளவை விட ரொம்ப அதிகம். அதுபோக கேன்சர் செல் ஒரு பாதையை அடைச்சா இன்னொரு பாதையில தின்னும்.

உங்களுக்குச் சுகர் இருந்து டாக்டர் குடுத்தா மெட்ஃபார்மின் எடுக்கலாம், அது வேற விஷயம். அல்பெலிசிப்னு ஒரு கேன்சர் மாத்திரை சுகரை எகிற வைக்கும், அதுக்காக டாக்டர்களே மெட்ஃபார்மின் குடுப்பாங்க. ரிபோசிக்லிப் வகையைச் சேர்ந்த அபெமாசிக்லிப் எடுக்குறவங்க கூடுதலா கவனிங்க, அந்த மருந்து மெட்ஃபார்மினை உடம்புல கொஞ்சம் தேங்க வைக்கும், ரெண்டுமே வயித்துப்போக்கு தர்ற மருந்துங்க வேற.

கேள்வி: என் மனைவிக்கு ட்ரிபிள் நெகட்டிவ் (ஹார்மோனும் ஹெர்2வும் நெகட்டிவா இருக்குற மார்பகப் புற்றுநோய்), நுரையீரலுக்குப் பரவியிருக்கு. கீமோவும், எதிர்ப்பு சக்தியைத் தூண்டுற இம்யூன் மருந்தான பெம்ப்ரோலிசுமாப் ஊசியும் போயிட்டிருக்கு. அமெரிக்காவுல ஒருத்தர் நாய்க்குக் குடுக்குற பூச்சி மருந்து சாப்பிட்டே கேன்சர் போயிடுச்சுன்னு வீடியோ வீடியோவா வருது. ஐவர்மெக்டினும் சொல்றாங்க. நான் பார்த்துக்கிட்டு சும்மா இருக்க முடியல மேடம், ஏதாவது பண்ணணும்.

பதில்: சும்மா இருக்க முடியலன்னு எழுதியிருக்கீங்க பாருங்க, அந்த ஒரு வரிக்காகவே உங்களுக்கு விவரமா சொல்றேன் சார்.

அந்த அமெரிக்கர் பேரு ஜோ டிப்பன்ஸ். அவருக்கு இருந்தது மார்பகப் புற்றுநோய் இல்ல, சிறு செல் நுரையீரல் புற்றுநோய், 2016ல கண்டுபிடிச்சாங்க. ஃபென்பெண்டசோல்ங்கிற அந்த நாய்ப் பூச்சி மருந்தைச் சாப்பிட்டது உண்மைதான், ஆனா அதே சமயத்துல அவர் ஒரு க்ளினிக்கல் ட்ரையல்ல சேர்ந்து பெம்ப்ரோலிசுமாப் ஊசியும் போட்டுக்கிட்டிருந்தார். உங்க மனைவிக்கு இப்ப போடுறாங்களே, அதே ஊசிதான். வீடியோக்காரங்க இதைச் சொல்ல மாட்டாங்க, சொன்னாலும் ஒரு செகண்ட்ல தாண்டிப் போயிடுவாங்க.

இன்னொரு கேஸைப் பத்தி யாரும் வீடியோ போடல. ஜப்பான்ல 80 வயசு அம்மா ஒருத்தங்க, நுரையீரல் புற்றுநோய், அவங்களுக்கும் பெம்ப்ரோலிசுமாப்தான் போயிட்டிருந்துச்சு. கல்லீரல் திடீர்னு மோசமாச்சு. நோண்டி நோண்டிக் கேட்டப்போதான் நெட்ல பார்த்து ஃபென்பெண்டசோல் சாப்பிட்டது தெரிஞ்சுது. நிறுத்தினதும் கல்லீரல் தேறிடுச்சு, கட்டி மட்டும் துளிகூடக் குறையல. 2021ல மருத்துவ இதழ்ல வந்த கேஸ் இது.

இதுல உங்களுக்கு என்ன ஆபத்துன்னா, பெம்ப்ரோலிசுமாப்பே சிலருக்கு எதிர்ப்பு சக்தியைத் தூண்டிவிட்டுக் கல்லீரலைத் தாக்க வைக்கும். அப்படி ஆயிடுச்சுன்னு சந்தேகப்பட்டா டாக்டருங்க ஊசியை நிறுத்திட்டு அதிக டோஸ் ஸ்டீராய்டு ஆரம்பிப்பாங்க. நீங்க குடுத்த நாய் மருந்தாலதான் என்சைம் ஏறிச்சுன்னா, உங்க மனைவிக்குத் தேவையே இல்லாத ஸ்டீராய்டு உடம்புக்குள்ள போகும், தேவையான ஊசி நின்னுடும். ஃபென்பெண்டசோலுக்கு மனுஷங்களுக்குன்னு அங்கீகரிச்ச டோஸே கிடையாது, அது கால்நடை மருந்து. தயவுசெஞ்சு வேணாம்.

ஐவர்மெக்டின் மனுஷங்களுக்கான நல்ல மருந்துதான், அதைக் கண்டுபிடிச்சவங்களுக்கு 2015ல நோபல் பரிசே குடுத்தாங்க, ஆனா அது ஒட்டுண்ணி நோய்ங்களுக்காக. கேன்சர்ல அது உதவுமாங்கிறதை முறையா பார்க்கவும் ஆரம்பிச்சிருக்காங்க, அதுவும் உங்க மனைவிக்கு இருக்குற ட்ரிபிள் நெகட்டிவ்லயேதான், இம்யூன் மருந்தோட சேர்த்துக் குடுத்து. 2025ல முதல் தகவல் வந்துச்சு, பத்து பேருக்கும் குறைவானவங்கதான், முக்கியமா பார்த்தது பாதுகாப்பா இருக்கான்னு. பெரிய தொந்தரவு வரல, ஆனா பெரும்பாலானவங்களுக்கு நோய் வளரத்தான் செஞ்சுது. அதனால "ஐவர்மெக்டினை யாரும் சோதிக்க விடமாட்டேங்குறாங்க"ன்னு சொல்றதும் உண்மை இல்ல, "அது குணப்படுத்துது"ன்னு சொல்றதும் உண்மை இல்ல. இப்படி ஒரு ட்ரையல் உங்களுக்கு எட்டுற இடத்துல நடந்தா அதுல சேருறதுக்கு நான் முழு மனசா ஆதரவு, ஏன்னா அங்க ரத்தம் பார்ப்பாங்க, ஈசிஜி பார்ப்பாங்க, ஒத்துக்கலைன்னா நிறுத்துவாங்க.

நீங்க செய்யக்கூடிய வேலை ஒண்ணு இருக்கு சார். தினமும் அவங்களுக்குப் புதுசா இருமல், மூச்சு வாங்குறது, தோல் தடிப்பு, கண் மஞ்சள், ரெண்டு மூணு தடவைக்கு மேல வயித்துப்போக்கு, இதுல எது வந்தாலும் தேதியோட குறிச்சு வெச்சு அன்னைக்கே ஃபோன் பண்ணுங்க. இம்யூன் மருந்தோட பக்க விளைவை முதல் நாளே பிடிக்கிறதும் பத்தாவது நாள் பிடிக்கிறதும் ஒண்ணு கிடையாது, கூடவே இருக்குற ஆள் கவனிச்சாதான் முதல் நாளே பிடிக்க முடியும்.

கேள்வி: அக்கா, அம்மாவுக்குக் கீமோ போடும்போது வாந்திக்குன்னு ஓலன்சாபின் குடுத்திருக்காங்க. தேடிப் பார்த்தா மனநோய் மருந்துன்னு வருது. எங்ககிட்ட சொல்லாம எதையோ சோதிக்கிறாங்களா?

பதில்: இல்லம்மா, பயப்படாதே. இது ஆஃப்-லேபிள்தான், ஆனா நல்ல ஆஃப்-லேபிள். மருந்து அட்டையில எழுதியிருக்குற நோய்க்கு இல்லாம வேற ஒண்ணுக்குக் குடுத்தா அதுக்குப் பேரு ஆஃப்-லேபிள், அவ்வளவுதான். ஓலன்சாபின் கீமோ வாந்தியைக் குறைக்குதுன்னு டம்மி மாத்திரையோட ஒப்பிட்ட ட்ரையல்லயே காட்டியிருக்காங்க, இப்ப உலகம் முழுக்க வழிகாட்டு நெறிமுறையிலேயே இருக்கு. கீமோவால கை கால் எரிச்சலுக்கு டுலாக்ஸெடின் குடுக்குறதும், ஹார்மோன் மாத்திரையால வர்ற உடம்புச் சூட்டுக்கு வென்லாஃபாக்ஸின் குடுக்குறதும் இதே வகைதான், ரெண்டுமே அட்டையில மனச்சோர்வு மருந்து. அம்மாவுக்குத் தூக்கம் கொஞ்சம் ஜாஸ்தியா வரும், ராத்திரி போட்டுட்டுத் தனியா எழுந்து நடக்க விடாதே, தூக்கம் ரொம்ப அசத்துச்சுன்னா டோஸைக் குறைக்க முடியுமான்னு கேளு.

தமாக்சிஃபென்கூட முதல்ல கருத்தடைக்காக ஆராய்ச்சி பண்ணின மருந்துதான். அதுக்கு உதவல, ஆனா மார்பகப் புற்றுநோய்ல எத்தனையோ லட்சம் பேரைக் காப்பாத்தியிருக்கு. அதனால பழைய மருந்துல புதுப் பலன் தேடுறதை நான் எப்பவும் மட்டமா பேச மாட்டேன், சோதிச்சுட்டுக் குடுங்கன்னுதான் கேட்கிறேன்.

கேள்வி: எலும்பு வலிக்கு மார்ஃபின் எடுக்குறேன். குறைஞ்ச அளவு நால்ட்ரெக்ஸோன் எதிர்ப்பு சக்தியை ஏத்தும்னு சொல்றாங்க, 4.5 மி.கி.தானே, எடுக்கலாமா?

பதில்: கூடாது. நால்ட்ரெக்ஸோன் மார்ஃபின் உட்காருற இடத்தையே அடைச்சுடும். வலி மொத்தமும் ஒரேயடியா திரும்பும், கூடவே வாந்தி, நடுக்கம், வியர்வை. அளவு கம்மியா இருந்தாலும் மார்ஃபின் எடுக்குறவங்களுக்கு இது ஆபத்து. ஏற்கனவே போட்டுட்டீங்கன்னா, வலி தாங்கலன்னு மார்ஃபினை நீங்களா ஏத்திப் பார்க்காதீங்க, உடனே ஆஸ்பத்திரிக்குப் போய் ரெண்டையும் சொல்லுங்க. வலி இப்பவே அடங்கலைன்னா அதைத் தனியா பேசணும், எலும்புக்கு ரேடியேஷன் குடுத்தா நிறைய பேருக்கு வலி நல்லா குறையுது, கேட்டுப் பாருங்க.

கேள்வி: இந்த மாத்திரைங்களைப் பத்தி வாயைத் திறந்தாலே எங்க டாக்டர் கோவப்படுறார். அவர்கிட்ட எப்படித்தான் கேக்குறது? நான் ஏற்கனவே ரெண்டு மாசமா இட்ராகொனசோல் எடுத்துட்டிருக்கேன், பால்போசிக்லிப்ங்கிற கேன்சர் மாத்திரையோட. இன்னும் சொல்லல.

பதில்: நாளைக்கே ஃபோன் பண்ணிச் சொல்லுங்க, அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரைக்கும் காத்திருக்காதீங்க. இட்ராகொனசோல் பூஞ்சை மருந்துதான், ஆனா நான் மேல சொன்ன அதே என்சைமை ரொம்ப பலமா அடைக்கிற மருந்து. அதோட சேர்த்துக் குடுத்துப் பார்த்தப்போ ரத்தத்துல பால்போசிக்லிப்போட மொத்த அளவு 87 சதவீதம் கூடிச்சு, அதனாலதான் இந்த மாதிரி மருந்தைத் தவிர்க்கவே முடியாத நிலைமையில 125 மி.கி.யை 75 மி.கி.யா குறைக்கச் சொல்லி பால்போசிக்லிப் குறிப்புலயே போட்டிருக்கு. ரெண்டு மாசமா நீங்க கிட்டத்தட்ட டபுள் டோஸ் எடுத்த மாதிரி. வெள்ளை அணு குறையுதுன்னு உங்களுக்கு நடுவுல மருந்தை நிறுத்தி வெச்சிருந்தாங்கன்னா காரணம் இதுவாவும் இருக்கலாம். இட்ராகொனசோல் இதயத்தோட பம்ப் பண்ற சக்தியையும் குறைக்கலாம், முன்னாடி டாக்சோரூபிசின் மாதிரி சிவப்பு மருந்து போட்டிருந்தா இன்னும் கவனம். காய்ச்சல் 38 டிகிரி வந்துச்சுன்னா ராத்திரின்னு பார்க்காதீங்க, அப்பவே போங்க.

டாக்டர் கோவம் பத்தி. கோவப்படுறது சரின்னு நான் சொல்ல மாட்டேன், அவங்க கோவத்தாலதான் நோயாளிங்க மறைக்கிறாங்க, மறைக்கிறதாலதான் இப்படி ஆகுது. ஆனா கேக்குற விதத்துல கொஞ்சம் மாத்திப் பாருங்க. "இதைச் சாப்பிடலாமா?"ன்னு கேட்டா வேணாம்னு ஒரே வார்த்தையில முடிஞ்சுடும். "டாக்டர், இந்த மருந்தைப் பத்திப் படிச்சேன், என்னோட இப்போதைய மருந்தோட இது மோதுமா, என் நோய் வகையில மனுஷங்ககிட்ட ட்ரையல் நடந்திருக்கா, நீங்க வேணாம்னா எதனாலன்னு எனக்குப் புரியுற மாதிரி சொல்லுங்க"ன்னு எழுதி எடுத்துட்டுப் போய்க் கேளுங்க. அவருக்கு நேரமில்லன்னா மருந்தாளுநரைப் பார்க்கணும்னு கேளுங்க, பெரிய புற்றுநோய்ப் பிரிவுங்கள்ல பெரும்பாலும் இருப்பாங்க. அவர் ஒத்துக்கிட்டு ஏதாவது ஒண்ணு ஆரம்பிச்சாலும் ஒரு நேரத்துல ஒண்ணுதான், எதுக்காக, எத்தனை வாரம், எந்த ரத்தப் பரிசோதனை மாறினா நிறுத்தணும், இதெல்லாம் முதல்லயே பேசி வெச்சுக்கோங்க.

பழைய மாத்திரை தேடுறதுக்கு முன்னாடி இதையும் கேளுங்க, ஏன்னா பல பேர் கேக்காமலே விட்டுடுறாங்க. என் கட்டியில பிஐகே3சிஏ, இஎஸ்ஆர்1ங்கிற ஜீன்கள்ல மாற்றம் இருக்கான்னு பார்த்தாச்சா? பரம்பரையா வரக்கூடிய பிஆர்சிஏ ஜீன் மாற்றம் பார்த்தாச்சா? ஹெர்2 நெகட்டிவ்னு சொன்னது சுத்தமா ஜீரோவா, இல்ல கம்மியாவாவது இருக்கா? ஒவ்வொண்ணுக்கும் பின்னாடி ட்ரையல்ல நிரூபிச்ச மருந்து இருக்கு. ஹார்மோன் பாசிட்டிவ் நோய்ல பிஐகே3சிஏக்கு அல்பெலிசிப், கேபிவாசெர்டிப், இஎஸ்ஆர்1க்கு எலாசெஸ்ட்ரன்ட், பரம்பரையா வர்ற பிஆர்சிஏ மாற்றத்துக்கு ஒலாபரிப். ஹெர்2 கம்மியா இருக்குறவங்களுக்கும் ட்ராஸ்டுசுமாப் டெரக்ஸ்டிகான் உதவுதுன்னு 2022ல தெரிஞ்சதுக்கு அப்புறம் நிறைய பேரோட ட்ரீட்மென்ட்டே மாறியிருக்கு. உங்க மருந்து வேலை செய்யாமப் போச்சுன்னா அடுத்து எதுன்னு இந்த ரிப்போர்ட்தான் சொல்லும், அதனால ரிப்போர்ட்டோட காப்பி உங்க கையில இருக்கட்டும்.

டாக்டரைப் பார்க்கப் போகும்போது வீட்டுல இருக்குற எல்லா டப்பாவையும் ஒரு பையில போட்டு எடுத்துட்டுப் போங்க, பேரைச் சொன்னா ஒண்ணு ரெண்டு மறந்துடும். சத்து மாத்திரை, முடிக்கு எடுக்குற பயோட்டின்கூட விடாதீங்க, பயோட்டின் அதிக அளவுல இருந்தா ஹார்மோன் டெஸ்ட், சிஏ 15-3ங்கிற கேன்சர் டெஸ்ட் மாதிரி சில ரத்தப் பரிசோதனையோட எண்ணே தப்பா வரலாம். கேப்சிடபின்ங்கிற கீமோ மாத்திரை எடுக்குறவங்க ஃபோலிக் ஆசிட் இருக்குற மாத்திரையைக் கட்டாயம் காட்டணும், அது கேப்சிடபினோட பக்க விளைவை அதிகமாக்கும், மல்டி விட்டமின் டப்பாவுல பொடி எழுத்துல அது இருக்கான்னு பாருங்க.